காஸ்டா

வைஜெயந்தியை மருமகளாக்கிக்கொள்ள பழனிசாமி சம்மதித்ததே அவளுடைய ஸ்பானிஷுக்காகத்தான். இது அந்தமானின் லாங் ஐலண்டில் எல்லோருக்கும் தெரியும். மனிதர் படகுத்துறை ஜெட்டி கட்டும் வேலையும் ரோட்டு வேலையும் எடுத்துச் செய்து முன்னுக்கு வந்த கான்ட்ராக்டர். ஈரோட்டுப் பக்கத்திலிருந்து இளவயதிலேயே கப்பலேறி வந்தவர். தீவில் தோப்பை ஒட்டி ஒரு ரிசார்ட் கட்டியிருந்தார். வருகிறவர்களைக் கடலுக்கடியில் பவளப்பாறை காட்டக் கூட்டிப்போவது மகன் குணாவின் வேலை. ஹேவ்லாக் தீவில் ஒரு ஓட்டல் ரிசப்ஷனில் இருந்த வைஜெயந்தியைக் கண்டுபிடித்துக் கூட்டிவந்தவனும் அவன்தான். சென்னையில் டூரிசம் படித்தபோது தோழிகள் எல்லாம் பிரெஞ்சுக்குப் போக, கூட்டம் குறைவு என்று இவள் ஸ்பானிஷ் வகுப்பில் போய் உட்கார்ந்தாள். அது இங்கே வந்து சோறு போடும் என்று அவள் நினைத்ததில்லை.

ரெண்டு சீசன் ஒன்றாக வேலை செய்ததில் இருவருக்கும் பிடித்துப்போயிற்று. குணா அப்பாவிடம் பேசினான். மறுநாளே, "அப்பா ஓகே சொல்லிட்டாரு," என்று வந்து நின்றான்.

"எங்க வீட்டப் பத்தி ஒண்ணும் கேக்கலயா?"

"என்ன கேக்கணும்? அந்தமான்ல யாரு அதெல்லாம் பாக்குறா வைஜி?"

அவளும் நம்பினாள். நம்பாமல் இருக்கக் காரணமும் இல்லை. போர்ட் பிளேயரை ஒட்டிய கராச்சர்மாவில் அவர்கள் வீட்டுக்கு ஒரு பக்கம் வங்காளிக் குடும்பம், மறுபக்கம் தெலுங்குக் குடும்பம், எதிரே ஒரு மலையாளி டெய்லர். தெருவில் எல்லோரும் பேசுவது ஹிந்தி. பள்ளிக்கூடத்திலும் ஆபீசிலும் கேட்டதெல்லாம் தீவுக்காரர் என்பதற்கான ஐலண்டர் கார்டுதான். அம்மா ஜெயராணியிடம் அவளும் எதுவும் கேட்டதில்லை. அம்மாவும் சொன்னதில்லை. கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் ஜெயராணி. சுனாமி அலை வந்த அன்று புருஷனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு, கைக்குழந்தையாக இருந்த இவளை இடுப்பில் கட்டிக்கொண்டு மேடேறிப் பிழைத்தவள். அதன்பிறகு போர்ட் பிளேயருக்கு வந்து ஒரு நர்சரிப் பள்ளியில் ஆயாவாகச் சேர்ந்து மகளைப் படிக்கவைத்தாள். அவர்கள் குடும்பக் கதை அவ்வளவுதான் என்று வைஜெயந்தி எண்ணியிருந்தாள்.

கல்யாணத்துக்கு நாள் குறித்தாயிற்று. அந்த மாதத்தில்தான் ஷோசேயும் அவர் மனைவி ஊஷியாவும் வந்து இறங்கினார்கள். ஸ்பெயினின் வடமேற்கு மூலையில், போர்ச்சுகலுக்கு மேலே, எப்போதும் மழை பெய்கிற கலீசியா என்ற பகுதியைச் சேர்ந்தவர்கள். அங்கே திராட்சைத் தோட்டம் வைத்திருந்தார்கள். அதோடு ஊர்க்காரர்களைக் கூட்டாகச் சுற்றுலா அனுப்பும் தொழிலும் உண்டு. வருஷா வருஷம் குளிர்காலம் முழுக்க ரிசார்ட்டை மொத்தமாக எடுத்துக்கொள்ளலாமா என்று பார்க்க வந்திருந்தார்கள். வைஜெயந்தியிடம் ஸ்பானிஷில் பேசினார்கள். தங்களுக்குள் கலீசிய மொழியில் பேசிக்கொண்டார்கள். ரெண்டும் அக்கா தங்கை மாதிரிதான் அவளுக்குக் கேட்டது. பாதி விளங்கும், பாதி நழுவும்.

பழனிசாமி அவர்களுக்கு விருந்து வைத்தார். "குடும்பத்தோட சாப்பிட்டாத்தானுங்க அவங்களுக்கு நம்ம மேல நம்பிக்கை வரும். அம்மிணி, உங்க அம்மாவையும் வரச்சொல்லு. சம்பந்தியம்மாவும் பாக்கட்டும் நம்ம இடத்த," என்றார்.

ஜெயராணி அதற்காக ஒரு பச்சைப் பட்டுப்புடவை எடுத்து உடுத்திக்கொண்டு, ரங்கத் வரை பஸ்ஸிலும் அங்கிருந்து படகிலும் வந்தாள். படகிலிருந்து இறங்கும்போது கொசுவத்தை ஒரு கையில் தூக்கிப் பிடித்திருந்தாள். மறுகையில் சம்பந்தி வீட்டுக்கென்று அதிரசம் வைத்த எவர்சில்வர் டப்பா. குணாவின் அம்மா நீலாவதி டப்பாவை வாங்கித் திறக்காமலே சமையல்காரியிடம் கொடுத்தாள்.

கடலைப் பார்த்த கூடத்தில் நீள மேசை போட்டிருந்தது. மீனும் நண்டும் வந்தன. மேசைக்கடியில் பழனிசாமியின் நாய் வந்து படுத்தது. ஊரிலிருந்து கப்பலில் கொண்டுவந்த சிப்பிப்பாறை. ஒடுங்கிய வயிறும் நீண்ட காலுமாக இருந்த அதைப் பார்த்ததும் ஷோசேக்கு முகம் மலர்ந்துவிட்டது. குனிந்து அதன் காதைத் தடவிக்கொண்டே வைஜெயந்தியைக் கேட்டார். "இது என்ன காஸ்டா?"

"என்ன ரகம்னு கேக்குறார் மாமா."

பழனிசாமி சொல்லவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தார். "இரு இரு. காஸ்டான்னாரே? இங்கிலீஷ்ல சாதிக்குச் சொல்றாங்களே, அதுவா? நாய்க்கும் அதையா சொல்றாங்க?"

அவள் கேட்டாள். ஷோசேக்கு இது போதுமாக இருந்தது. ஒயின் உள்ளே போயிருந்தது. சொற்களைப் பற்றிப் பேசுவதில் பிரியம் உள்ளவர்போல நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு தொடங்கினார். எங்கள் மொழியிலும் ஸ்பானிஷிலும் அது ஒரே சொல். என் தோட்டத்தில் திராட்சைக்குக் காஸ்டா உண்டு, மாட்டுக்கு உண்டு, மனிதக் குடும்பத்துக்கும் உண்டு. 'வேட்டை நாய்க்கு ஓட்டம் காஸ்டாவிலே வருகிறது' என்று பழமொழியே இருக்கிறது. பக்கத்து நாட்டுப் போர்ச்சுகீசியர்கள் கப்பலில் உங்கள் கரைக்கு வந்தார்கள். நீங்கள் பிரிந்து பிரிந்து வாழ்வதைப் பார்த்தார்கள். அதற்கு என்ன பேர் வைப்பது என்று தெரியாமல் கையில் இருந்த இந்தச் சொல்லையே வைத்துவிட்டுப் போனார்கள். ஆங்கிலேயன் அதை அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டான்.

வைஜெயந்தி சொல்லச் சொல்ல பழனிசாமி தொடையைத் தட்டிக்கொண்டார். "நாய்க்கு ஓட்டம் சாதியில வருதா! நல்லாச் சொன்னான்யா வெள்ளைக்காரன்!"

"அதுக்கு அர்த்தம் என்னன்னு கேளு," என்றாள் நீலாவதி.

இங்கே புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் செல்லச் சண்டை வந்துவிட்டது. தூய்மை என்பதுதான் அர்த்தம், பழைய லத்தீனிலிருந்து வந்தது என்றாள் ஊஷியா. கற்புள்ள பெண்ணுக்கு இன்றும் 'காஸ்டா' என்ற சொல்தானே இருக்கிறது, அதுவும் இதுவும் ஒன்றுதான் என்றாள். ஷோசே தலையை ஆட்டி மறுத்தார். கற்பைச் சொல்கிற சொல் வேறு, காதுக்கு ஒன்றுபோல் கேட்கிறது, அவ்வளவுதான். இது வடக்கிலிருந்து வந்து எங்களை ஆண்ட கூட்டத்தின் பேச்சு. ஒரே கூட்டில் பொரித்த குஞ்சுகளுக்கும் ஒரே மந்தை விலங்குகளுக்கும் சொன்ன சொல். தூய்மையும் கிடையாது ஒன்றும் கிடையாது என்றார். படித்தவர்களே இன்னும் அடித்துக்கொள்கிறார்கள் என்று இருவரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்போடு ஷோசே பெண் வீட்டாரையும் பிள்ளை வீட்டாரையும் மாறி மாறிப் பார்த்து, வெகு இயல்பாக ஒரு கேள்வி கேட்டார். "இவர்கள் ரெண்டு குடும்பமும் ஒரே காஸ்டாவா?"

வைஜெயந்தி ஒரு கணம் தயங்கினாள். பிறகு, "ரெண்டு குடும்பமும் ஒரே ஊரான்னு கேக்குறார் மாமா," என்றாள்.

பழனிசாமி நண்டுக்காலை உடைத்துக்கொண்டிருந்தார். உடைப்பதை நிறுத்தவில்லை. "அவரு காஸ்டான்னாரே அம்மிணி. நீ ஊருன்னு சொல்றே?"

ஸ்பானிஷில் அவருக்குத் தெரிந்தது அந்த ஒரே சொல்தான். அதுவும் கால் மணி நேரத்துக்கு முன்னால் அவளே கற்றுக்கொடுத்தது.

"ஏன் மறைக்கறே? இதுல மறைக்க என்ன இருக்குது? ஒரே சாதிதான்னு சொல்லு. கரூர்ப் பக்கத்து நம்மாளுங்கதான்னு குணா அன்னிக்கே சொல்லிட்டானே."

வைஜெயந்தி குணாவைப் பார்த்தாள். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். காது மடல் மட்டும் சிவந்திருந்தது. அப்போதுதான் அவளுக்கு எல்லாம் விளங்கியது. 'என்ன கேக்கணும்?' என்று சொன்னானே, கேட்டிருக்கிறார். இவனும் பதில் சொல்லியிருக்கிறான்.

அவள் ஷோசேயின் பக்கம் திரும்பி, "ஆமாம்," என்றாள். அந்தப் பொய்யைச் சொல்லும்போது தன் குரல் எவ்வளவு தெளிவாக இருந்தது என்பது பிற்பாடு பல நாள் அவளை அரித்தது.

அதோடு முடிந்திருக்கும். நீலாவதி முடியவிடவில்லை. பல மாதமாக மனசுக்குள் வைத்திருந்ததை, ரசம் ஊற்றுகிற சாக்கில் எடுத்தாள். "கரூர்ல எந்த ஊருங்க சம்பந்தியம்மா?"

"கரூரா?" ஜெயராணி வாய்ச்சோற்றை விழுங்கிவிட்டுச் சொன்னாள். "நாங்க கச்சாலுங்க. கரூருக்கு நான் போனதே இல்ல."

ஷோசே சிரித்த முகத்தோடு அடுத்து என்ன என்பதுபோல் வைஜெயந்தியைப் பார்த்தார்.

பழனிசாமி கையைத் துடைத்துக்கொண்டார். குரல் உயரவில்லை. கோபித்துக்கொண்டு கத்தியிருந்தால் வைஜெயந்தி எழுந்து போயிருப்பாள். அவர் மிகவும் பணிவாகத்தான் பேசினார். "நான் கேட்டா மரியாதையா இருக்காதுங்க. அம்மிணி, நீயே உங்கம்மாவக் கேளு. கேட்டுச் சொல்றதுதானே உன் வேலை. கச்சாலுக்கு முன்னாடி எங்கே?"

"மாமா, இப்ப எதுக்கு..."

"கேளு. வந்தவங்களுக்கும் சேத்துச் சொல்லு. சொல்லு எங்கிருந்து வந்துச்சுன்னு அவங்க சொன்னாங்கல்ல, ஆளு எங்கிருந்து வந்துச்சுன்னு நாம சொல்ல வேண்டாமா?"

வைஜெயந்தி மறுபடி குணாவைப் பார்த்தாள். அவன் கையை மேசைக்கடியில் தொங்கவிட்டு நாய்க்கு ஒரு மீன் துண்டைக் கொடுத்துக்கொண்டிருந்தான். வாயைத் திற, ஒரு வார்த்தை சொல் என்று அவள் மனசு கெஞ்சியது. அவன் இன்னொரு துண்டு எடுத்தான்.

அவள் அம்மாவிடம் திரும்பினாள். "கச்சாலுக்கு முன்னாடி எங்கம்மா?"

"சிலோன். தேயிலைத் தோட்டம். எங்கப்பா காலத்துல கப்பல்ல கொண்டாந்து கச்சால்ல விட்டாக."

"தோட்டத்து லயத்துல எந்தப் பக்கம் குடியிருந்தாங்கன்னு கேளு," என்றார் பழனிசாமி. அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஊரைவிட்டுக் கடல் கடந்து போனவர்களும் லயம் எனும் கூலி வீட்டு வரிசைகளில் சாதி பார்த்துத்தான் குடியேறினார்கள் என்பதும் தெரிந்திருந்தது.

வைஜெயந்தி கேட்டாள். கடைசி வரிசை என்றாள் ஜெயராணி.

"தோட்டத்துல திருவிழா நடக்குமில்ல? அப்ப உங்க வீட்டு ஆம்பளைங்க என்ன செய்வாங்க?" இது நீலாவதி.

கேட்கக் கூடாது என்று வைஜெயந்திக்குத் தெரிந்தது. எழுந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு படகுக்குப் போய்விடலாம். ஆனால் கல்யாணம் இன்னும் கையில் இருப்பதாகவும், இந்த ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டால் தப்பிவிடலாம் என்றும், அம்மா ஏதாவது நல்ல பதிலாகச் சொல்லிவிடுவாள் என்றும் ஒரு நப்பாசை. அந்த ஆசையில் கேட்டாள்.

ஜெயராணி மகள் முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "எங்க தாத்தா தப்பு அடிப்பாக. அவுக தப்பச் சூடு காட்டி எடுத்தாத்தான் சாமி கெளம்பும்."

பழனிசாமி தலையை மெல்ல ஆட்டினார். "டீக் ஹை," என்றார். வேலையாட்களிடம் கணக்கு முடிந்தால் இப்படித்தான் ஹிந்தியில் 'சரி' என்பார். பிறகு வைஜெயந்தியிடம், "அவருக்குச் சொல்லு. நீ முன்ன சொன்னது தப்புன்னு சொல்லு. ரெண்டும் ஒரே காஸ்டா இல்ல," என்றார்.

அவள் சொன்னாள். ஸ்பானிஷில் ஒரு வாக்கியம். ஷோசே எதையோ உடைத்துவிட்டவர்போலக் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். ஊஷியா கணவனிடம் தங்கள் மொழியில் கடுகடுவென்று ஏதோ சொன்னாள்.

"ரெண்டு அர்த்தம் சொன்னாங்கல்ல," என்றாள் நீலாவதி, அப்பளத்தை ஒடித்துக்கொண்டே. "ஒண்ணு சாதி, ஒண்ணு கற்பு. ரெண்டு சீசனா என் பையன் பின்னால கடலுக்கும் கரைக்கும் அலைஞ்சா. ரெண்டு அர்த்தமும் இல்லாத வீடு பாத்து நமக்கு வாய்ச்சிருக்குது. இதையும் சொல்லு அவங்களுக்கு."

அதை வைஜெயந்தி சொல்லவில்லை. யாரும் வற்புறுத்தவும் இல்லை. பழனிசாமி பாயசம் கொண்டுவரச் சொன்னார். அதன்பிறகு அறைவாடகை, படகு, ஜெனரேட்டர், எத்தனை பேர் வருவார்கள் என்று வரிசையாகப் பேசினார். எல்லாவற்றையும் அவள்தான் மொழிபெயர்த்தாள். குரல் தன் பாட்டுக்கு வேலை செய்தது. எதிர் நாற்காலியில் ஜெயராணி பாயசத்தைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். எழுந்தால் படகு வரும்வரை எங்கே போவது?

பேச்சு முடிந்ததும் எல்லோரும் கடலோரம் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம் என்றாள் ஊஷியா, நிலைமையைச் சரிசெய்யும் எண்ணத்தில். பழனிசாமி உற்சாகமாக எல்லோரையும் நிறுத்தினார். ஜெயராணியும் வந்து ஓரத்தில் நின்றாள். "நீங்க எடுங்களேம்மா. அப்பத்தான் எல்லாரும் விழுவோம்," என்று அவள் கையில் போனைக் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டாள். போனைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, எல்லோரும் தெரிகிறார்களா என்று பார்த்து, பொறுப்பாக ரெண்டு படம் எடுத்துக் கொடுத்தாள். வைஜெயந்தி அந்தப் படத்துக்குள் நின்றாள்.

ஜெட்டியில் படகு வர நேரமிருந்தது. ஷோசே பின்னாலேயே வந்தார். "நான் தவறாக ஏதாவது கேட்டுவிட்டேனா?" என்றார். அவள் நடந்ததைச் சொன்னாள். கண் கலங்கிவிட்டது மனிதருக்கு. எங்களுக்கு அது திராட்சைக்கொடிக்குச் சொல்கிற சொல் பெண்ணே, எனக்கு வெட்கமாக இருக்கிறது என்று அவள் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டார். நல்ல மனிதர், சந்தேகமில்லை. மறுநாள் பழனிசாமியோடு ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டார். கடற்கரை நன்றாக இருந்தது, விலையும் கட்டுப்படியாயிற்று.

அவர் போனபின் தாயும் மகளும் சிமென்ட் திண்டில் உட்கார்ந்தார்கள். ஜெயராணி புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். வைஜெயந்திக்கு அன்று முழுக்க அடங்கிக் கிடந்தது எல்லாம் அப்போது வெளியே வந்தது. வரவேண்டிய ஆட்களிடம் வரவில்லை.

"ஏம்மா சொன்னே? யாரு சொல்லச் சொன்னா? வெவசாயம் பாத்தாக, கடை வெச்சிருந்தாகன்னு ஒரு பொய் வாயில வரலயா உனக்கு? தப்பாம் தப்பு! பெருமையாச் சொல்ற! உன்னாலதான் எல்லாம் போச்சு. உன்னைக் கூட்டிட்டே வந்திருக்கக் கூடாது நான்."

ஜெயராணி கடலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அந்த ஆளு கேட்டிருந்தா வாயத் தொறந்திருக்க மாட்டேன் புள்ள," என்றாள். "நீ கேட்ட. பெத்த புள்ள கேக்குதேன்னு சொன்னேன்."

படகில் இருவரும் வேறு வேறு பலகையில் உட்கார்ந்து வந்தார்கள்.

குணாவிடமிருந்து பல நாள் தகவல் இல்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கராச்சர்மாவுக்கே வந்தான். கதவருகே நின்றபடி அழுதான். நிஜமாகவே அழுதான். "அப்பாவச் சரிக்கட்டிட்டேன் வைஜி. கோபம் இறங்கிருச்சு. உன்ன மாதிரி வேலைக்கு ஆள் கிடைக்காதுன்னு அவருக்கே தெரியும். ரிஜிஸ்டர் பண்ணிக்கலாம். அப்புறம் மெயின்லேண்டுல ரிசப்ஷன். சொந்தக்காரங்ககிட்ட கரூருன்னே இருக்கட்டும். உனக்கு அப்பா அம்மா ரெண்டு பேருமே அலையில போயிட்டாங்கன்னு சொல்லியிருக்கேன். அம்மாவ மட்டும் கொஞ்ச நாளைக்கு..."

உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது.

வைஜெயந்தி உடனே அவனைத் துரத்தவில்லை. அதுதான் உண்மை. யோசித்துச் சொல்கிறேன் என்றாள். அன்று முழுக்க யோசித்தாள், மறுநாளும் யோசித்தாள். கொஞ்ச நாள்தானே என்று நினைத்தாள். அம்மா எங்கே மெயின்லேண்டுக்கு வரப்போகிறாள் என்று நினைத்தாள். இப்படி நினைத்துக்கொண்டே இருந்தவள், கடைக்குப் போய்த் திரும்பிய ஒரு சாயங்காலம், அம்மா துணிகளை ஒரு பையில் அடுக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள்.

"எங்கம்மா?"

"ஹட் பே. ஒச்சம்மா வீட்டுக்கு." ஒச்சம்மா ஜெயராணியின் தங்கை. லிட்டில் அந்தமானில் செம்பனைத் தோட்டத்தில் வேலை. "ஸ்கூல்ல சொல்லிட்டேன். நீ அவனுக்குச் சரின்னு சொல்லிரு. செத்தவ இங்கன இருந்தா நல்லாவா இருக்கும்?"

கோபமாகச் சொல்லவில்லை. பையின் ஜிப் மாட்டிக்கொண்டது. அதைச் சரிசெய்வதில்தான் கவனமாக இருந்தாள். வைஜெயந்தி காலில் விழுந்தாள், அழுதாள், ஜெட்டியில் அப்படிப் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டாள். ஜெயராணி அவளைத் தூக்கி நிறுத்தி முகத்தைத் துடைத்துவிட்டாள். ஆனால் போவதை நிறுத்தவில்லை.

அம்மா கப்பலேறிய அன்றே வைஜெயந்தி குணாவுக்குப் போன் போட்டு முடியாது என்றாள். அவன் காரணம் கேட்டான். "எங்கம்மா உயிரோட இருக்காங்க," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். தை மாதம் அவனுக்குக் கோபிச்செட்டிபாளையத்தில் கல்யாணம் ஆயிற்று. பெண்ணுக்கு ஸ்பானிஷ் தெரியாது. கலீசியாவிலிருந்து முதல் கூட்டம் வந்து இறங்கியபோது பழனிசாமி ஆள் விட்டார், சம்பளம் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கட்டும் என்று. அவள் போகவில்லை. அவர்களுக்கு அதனால் ஒன்றும் குறைந்துவிடவும் இல்லை. போனில் மொழிபெயர்க்கும் செயலியை வைத்துச் சமாளித்துக்கொண்டார்கள். இன்று அந்த ரிசார்ட்டில் சீசனில் இடம் கிடைப்பது கஷ்டம்.

வைஜெயந்தி ஹேவ்லாக்கிலேயே பழைய வேலைக்குத் திரும்பினாள். லீவு கிடைக்கும்போதெல்லாம் ஹட் பே கப்பலுக்கு டிக்கெட் எடுக்கிறாள். ஜெயராணி மகளுக்குப் பிடித்த நெத்திலிக் குழம்பு வைக்கிறாள், தலைக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறாள், சித்தி வீட்டு வாசலில் உட்கார்ந்து ஊர்க்கதை எல்லாம் பேசுகிறாள். வைஜெயந்தி எப்போதாவது, "உன் தாத்தாவப் பத்திச் சொல்லேம்மா," என்று கேட்பாள். பேர் என்ன, எப்படி இருப்பார், தப்பை எங்கே மாட்டி வைத்திருப்பார் என்று தெரிந்துகொள்ள ஆசை.

"எல்லாம் மறந்துபோச்சு புள்ள," என்பாள் ஜெயராணி. அவளுக்கு எதுவும் மறக்கவில்லை என்று மகளுக்குத் தெரியும்.